துருவுக்கு மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள்

தமிழக அரசு 2001-02இல் இலவச சைக்கிள் திட்டத்தைத் தொடங்கியபோது, அது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு மட்டுமே. 2005-06இல்தான் எல்லா மாணவர்களுக்கும் வந்தது. அந்த முதல் சில ஆண்டுகளில் சைக்கிள் வாங்கியவள் நான். சிவகாசிக்குப் பக்கத்து ஊர். அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னினார். சைக்கிள் வந்த அன்று அவர் சொன்னது: "அந்தத் தெரு வந்ததும் எறங்கி உருட்டிட்டுப் போயிரு தாயி."

பல வருடம் மாட்டுக்கொட்டகையில் கிடந்த அதை, எட்டாவது படிக்கும் அண்ணன் மகளுக்காகப் போன மாதம் வெளியே எடுத்தேன். எங்கு பார்த்தாலும் துரு.

ரிம், ஹேண்டில்பார் எல்லாம் குரோம் பூச்சு. அதில் உப்புத்தாள் போட்டால் துருவோடு பூச்சும் போய்விடும். சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். அலுமினியம் குரோமைவிட மென்மையானது; கீறாது. நட்டு, போல்ட்டுகளைப் புளிக்கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன். புளியிலுள்ள அமிலம் துருவைக் கரைத்துவிடும். ஆனால் உடனே கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். ஈரம் நின்றால் மறுபடி துரு ஏறும்.

ஃபிரேமுக்கு மட்டும் உப்புத்தாள். இரும்பு பளிச்சென்று தெரிகிறவரை தேய்க்க வேண்டும். கை வலித்தது. சைக்கிள் கடைத் தம்பி, "எதுக்குக்கா கஷ்டப்படுறீங்க, மேலயே பெயிண்ட் அடிச்சிரலாம்" என்றான். அடித்தால் பளபளக்கும்தான். அடியில் துரு தின்றுகொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உரியும்.

"இப்பல்லாம் யாரு சாதி பாக்குறா?" என்ற பேச்சும் அப்படியொரு பெயிண்ட்தான், தோழர்களே. அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்து 65 ஆண்டுகள் ஆன பிறகு, 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, நாடாளுமன்றம் 'சைக்கிள்' என்ற சொல்லையே அதில் எழுத வேண்டியிருந்தது. பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பது, செருப்பு அணியவிடாமல் தடுப்பது, கல்யாண ஊர்வலத்தைத் தடுப்பது எல்லாம் பிரிவு 3(1)(இசட்ஏ)-வின்படி குற்றம். 2016 ஜனவரி 26 முதல் இது நடப்பில் உள்ளது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை.

உங்கள் ஊரில் யாரையாவது இறங்கச் சொன்னால், தேதி, நேரம், இடம், பார்த்தவர்கள் யார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். புகாருக்கு அதுதான் முதல் பலம்.

அண்ணன் மகளுக்குச் செயினுக்கு எண்ணெய் விடக் கற்றுக்கொடுத்தேன். கூடவே இந்தப் பிரிவையும். இறங்கி உருட்டச் சொல்லவில்லை.

ஜெய்பீம்.