சாவியைக் கொடுங்கள்... கண்ணைக் கொடுக்காதீர்கள்!

உங்கள் கார் பானெட்டைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? பொய் சொல்லக் கூடாது. ஆயுதபூஜை அன்று பானெட் மேலே சந்தனப் பொட்டு வைத்ததெல்லாம் கணக்கில் சேராது. திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, ஆயில் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்த்தது எப்போது?

யோசிக்கிறீர்கள். கடைசியில், “அதான் சர்வீஸுக்கு விடறோமே சார்” என்கிறீர்கள். சரி, விடுகிறோம். காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு, பக்கத்து ஓட்டலில் பொங்கல், வடை, காபி முடித்துவிட்டு வந்தால் கார் பளபளவென்று நிற்கிறது. கால் வைக்கிற இடத்தில் ஒரு காகித விரிப்பு. உள்ளே எலுமிச்சை வாசனை. கையில் இரண்டு பக்க பில். “எல்லாம் பண்ணியாச்சு சார்.”

அந்த ‘எல்லாம்’ என்ன என்று நாம் கேட்பதில்லை. இந்த வாரம் அதைத்தான் கேட்கப்போகிறோம்.

ஒரு காலத்தில் கார் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பிரச்னையே இல்லை. அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலம் அது. வைத்திருந்தவருக்குப் பாதி மெக்கானிசம் தெரிந்தே ஆக வேண்டும். ஏனென்றால், வண்டி எங்கே நிற்கும் என்று வண்டிக்கே தெரியாது! ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வீட்டு வேலை மாதிரி. அதற்கு மேல் ஏதாவது என்றால் தெருக்கோடியில் மெக்கானிக் அண்ணன் இருப்பார். குடும்ப டாக்டர் மாதிரி அவருக்கு உங்கள் வண்டியின் சரித்திரமே தெரியும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அப்புறம் கார்பரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. கார்கள் நடுரோட்டில் நிற்பதை நிறுத்தின. நல்ல விஷயம்தான். கூடவே நாம் பானெட்டைத் திறப்பதையும் நிறுத்திவிட்டோம். மெக்கானிக் அண்ணன் இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கடை வந்தது. ‘60 நிமிடத்தில் சர்வீஸ்’ என்று போர்டு வைத்தார்கள். அவசர உலகத்துக்கு அது பெரிய சௌகரியம், மறுக்கவில்லை.

இப்போது நம்மில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சி, “அவனவன் வேலையை அவனவன் செய்யணும். கடையில விட்டுட்டு நிம்மதியா இருங்க” என்கிறது. இன்னொரு கட்சி நான்கு வீடியோ பார்த்துவிட்டு, “கடைக்காரன் எல்லாம் ஃபிராடு. நாமே ஆயில் மாத்திக்கலாம். அரை மணி நேர வேலை” என்கிறது.

நான் பி.காம் படித்தவன். ஸ்பேனர் பிடிக்கிற கை எனக்குக் கிடையாது. வவுச்சர் பார்க்கிற கண் உண்டு. ஆடிட்டிங் பாடத்தில் ஆரம்பத்திலேயே சொல்லித் தருவது ஒன்று: வேலையைச் செய்கிறவரும் அதைச் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கேஷியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கல்லாவை எண்ணுவது இன்னொருவர்தான். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு இரண்டு கட்சியையும் பார்ப்போம்.

முதலில் கடை. அங்கே வேலை பார்க்கிற பையன்களைத் திட்டுவது சுலபம். ஆனால், அவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வேலை தெரியாதவர்கள் இல்லை. கடிகாரம் துரத்துகிறது. இந்த வண்டி இறங்குவதற்குள் அடுத்த வண்டி வாசலில் ஹாரன் அடிக்கிறது. அவசரத்தில் முதலில் பலியாவது எது? கண்ணுக்குத் தெரியாத வேலை! கார் கழுவாமல் விட்டால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அடியில் ஆயில் வடிக்கிற டிரெய்ன் பிளக்குக்குப் புது வாஷர் போடாமல் விட்டால் தெரியாது.

இன்னொரு பக்கம், உங்களிடம் பேசுகிற சர்வீஸ் அட்வைசருக்குப் பல இடங்களில் மாத இலக்கு இருக்கிறது. “சார், எஞ்சின் ஃப்ளஷ் பண்ணிடலாமா? த்ராட்டில் பாடி கிளீன் பண்ணிடலாமா? டயருக்கு நைட்ரஜன் அடிச்சுடலாமா?” என்று அடுக்குவார். நைட்ரஜன் ஒன்றும் அதிசய வஸ்து இல்லை. நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் அதுதான். காற்றழுத்தத்தை ஒழுங்காகப் பார்த்து வந்தால், நம் சாலைகளில் ஓடுகிற குடும்பக் காருக்கு அந்தச் சாதாரணக் காற்றே போதும்.

இந்த மாதிரி கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள். “மேனுவல்ல இருக்கா தம்பி?” கார் வாங்கும்போது கொடுத்த புத்தகம், கிளவ் பாக்ஸில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் தூங்கிக்கொண்டிருக்கும். அதில் எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. காரைச் செய்தவர்களே எழுதியது. அதில் இல்லாத வேலைக்கு ஏன், எதற்கு என்று காரணம் கேட்டுவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும்.

அமெரிக்காவில் இந்தக் கதை முன்பே நடந்திருக்கிறது. பத்து நிமிட ஆயில் கடைகள் 1970-களிலேயே அங்கே வந்துவிட்டன. 3,000 மைலுக்கு ஒரு முறை, அதாவது சுமார் 4,800 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும் என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். எஞ்சினும் ஆயிலும் எவ்வளவோ முன்னேறி, மேனுவலில் இடைவெளி கூடிய பிறகும் ஸ்டிக்கர் மட்டும் பல காலம் மாறவில்லை. நம் ஊரில் இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்றுதான் மேனுவல் சொல்கிறது. புழுதியிலும் நெரிசலிலும் குட்டிக் குட்டி தூரமே ஓடுகிற வண்டிகளுக்கு இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லித் தனிக் குறிப்பும் இருக்கும். உங்கள் வண்டி எந்த ரகம் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஸ்டிக்கருக்கு அது தெரியாது.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீஸர் இருக்கிறார். பேரனுக்குக் காதுகுத்த, திருநெல்வேலிப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். முதல் நாள் சாயந்திரம் ஒரு அவசர சர்வீஸ் கடையில் ஆயில் மாற்றினார். விடியற்காலை புறப்பட்டு விக்கிரவாண்டி பக்கம் காபிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். திரும்பி வந்து ஏறும் முன் மனிதர் சும்மா குனிந்து பார்த்தார். வண்டிக்கு அடியில் தோசை அகலத்துக்குக் கறுப்பாக ஆயில்!

உள்ளூர் மெக்கானிக் வந்து பார்த்தார். டிரெய்ன் பிளக் சரியாக இறுகவில்லை. பழைய வாஷரையே போட்டிருக்கிறார்கள். ஒன்றரை லிட்டர் ஊற்றித்தான் அளவுக்கு வந்தது. சிறிய கார்களுக்கு மொத்தமே மூன்று, மூன்றரை லிட்டர்தான். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் எஞ்சின் இறுகி நடு ஹைவேயில் நின்றிருக்கும். பின்னால் லாரி வருகிற சாலை. உள்ளே கைக்குழந்தை. கடைக்கு போன் போட்டதற்கு, “பையன் புதுசு சார்” என்று பதில் வந்ததாம்.

“எப்படி சார் குனிஞ்சு பார்க்கத் தோணுச்சு?” என்று கேட்டேன்.

“முப்பது வருஷம் பேங்க் உத்தியோகம் தம்பி. எண்ணாம வாங்கினதும் இல்ல, எண்ணாம கொடுத்ததும் இல்ல” என்றார்.

அவரும் ஸ்பேனரைத் தொட்டதில்லை. கை வேலையைக் கடையில் விட்டார். கண் வேலையைத் தானே வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் என்ன? இரண்டாவது கட்சிக்காரர்களே, கொஞ்சம் பொறுங்கள். ஆயில் மாற்றக் காரைத் தூக்க வேண்டும். வண்டியோடு வருகிற ஜாக்கி, ஸ்டெப்னி மாட்டுவதற்கு மட்டும்தான். அதை நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாட்டு. தனியாக ஸ்டாண்டு வேண்டும், சமதளம் வேண்டும், அசோசியேஷன் செகரட்டரி முறைக்காமல் இருக்க வேண்டும்!

அடுத்து, வடித்த பழைய ஆயிலை என்ன செய்வீர்கள்? சாக்கடையில் ஊற்றினால் பாவம் நம்மோடு போகாது. ஒரே ஒரு முறை மாற்றிய ஆயில் 10 லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு. தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கிற ஊர் நம்முடையது. வருடத்துக்கு ஒரு முறை செய்கிற வேலைக்கு ஸ்டாண்டு, ஸ்பேனர், டிரே எல்லாம் வாங்கினால் மிச்சக் கணக்கும் இடிக்கும். பிரேக் வேலை பற்றிப் பேசவே வேண்டாம். அது படித்த கைக்கு உரியது.

ஆனால், ஸ்பேனரே தேவைப்படாத வேலைகள் இருக்கின்றன. ஏர் ஃபில்டர் பல கார்களில் நாலைந்து கிளிப்பைக் கழற்றினால் கையில் வந்துவிடும். ஏ.சி. ஃபில்டர் பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். வைப்பர் பிளேடு, கண்ணாடி கழுவுகிற தண்ணீர், டயர் காற்று எல்லாம் சமையலறையில் கேஸ் சிலிண்டர் மாற்றுவதைவிடச் சுலபம். டயர் காற்றின் அளவைப் பல கார்களில் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்திலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும்.

நாமே செய்தாலும் சரி, தெருக்கோடி அண்ணனிடம் போனாலும் சரி, நல்ல பார்ட்ஸ் கிடைத்தால்தான் ஆயிற்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஒரிஜினல் பார்ட்ஸையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் விஷயம். அப்பீல், கோர்ட் என்று வழக்கு நீண்டது வேறு கதை. உங்கள் காரை யார் தொடலாம் என்பது எவ்வளவு பெரிய வியாபாரம் என்று புரிகிறதல்லவா?

இனி, பில்லுக்குக் காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டிய தணிக்கை.

ஒன்று, வண்டியை விடும்போதே பழைய ஏர் ஃபில்டரின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி. ஆடிட்டர்கள் வவுச்சரில் டிக் போடுகிற மாதிரி. மாற்றியதாக பில்லில் இருந்தால், புள்ளி வைத்தது காருக்குள் இருக்கக் கூடாது. மாற்றிய பழைய பார்ட்ஸைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு, ஆயில் டப்பா. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதே எண் டப்பாவிலும் பில்லிலும் இருக்க வேண்டும்.

மூன்று, டிப்ஸ்டிக். எஞ்சினை நிறுத்தி, சமதளத்தில் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. ரொம்ப அதிகமாக ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு வழுவழுப்பு கிடையாது.

நான்கு, வீல் கழற்றியிருந்தால் நட்டுகள். காற்று கன்னில் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டால், நடுராத்திரி பஞ்சர் ஆகும்போது உங்களாலோ உங்கள் மனைவியாலோ கழற்ற முடியாது. “டார்க் ரெஞ்ச்ல டைட் பண்ணுங்க” என்று கேளுங்கள்.

ஐந்து, அன்று ராத்திரி எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு பழைய அட்டை. காலையில் அட்டை காய்ந்திருந்தால் நிம்மதி. ஏ.சி. தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். கறுப்போ, பச்சையோ, சிவப்போ சொட்டினால் வண்டியை எடுக்காதீர்கள்.

வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் ஒன்றைச் சொல்லி வையுங்கள். ஓட்டும்போது டேஷ்போர்டில் எண்ணெய்க் குவளை படம் சிவப்பாக எரிந்தால், அது ‘சர்வீஸுக்கு விடுங்க’ என்கிற ஞாபகக் கடிதம் இல்லை. ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தம். ‘அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்’ கூடாது. ஓரம் கட்டி, எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும்.

“இவ்வளவு சோதிச்சா கடைக்காரர் தப்பா நினைக்க மாட்டாரா?” என்று கேட்பீர்கள். பேங்க் கவுன்ட்டரில் பணத்தை வாங்கி அங்கேயே நின்று எண்ணுகிறீர்களே, எந்தக் கேஷியராவது கோபித்துக்கொண்டாரா? எண்ணிப் பார்த்துவிட்டு நகரச் சொல்லி அவர்களே போர்டு மாட்டியிருப்பார்கள். நல்ல கடைக்காரருக்கும் அப்படித்தான். பார்க்கிற வாடிக்கையாளர் வந்தால் அவருக்குச் சந்தோஷம், அவரிடம் வேலை பார்க்கிற பையனுக்கும் ஒரு கவனம். கோபித்துக்கொள்கிறாரா? அடுத்த முறை எந்தக் கடைக்குப் போகக் கூடாது என்று தெரிந்துவிட்டது!

வருகிற ஞாயிற்றுக்கிழமை டிபன் முடித்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மேனுவலின் பிளாஸ்டிக் உறையைப் பிரியுங்கள். பானெட்டைத் திறங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர்களும் யாரிடமாவது சாவியைக் கொடுக்கத்தானே போகிறார்கள்?