தங்கச்சியின் நடை

போன வாரம் காணை பஸ் ஸ்டாப்பில் விழுப்புரம் போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "சார், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண். தோளில் மூன்று மாதக் குழந்தை, பக்கத்தில் மாமியார். நலம் விசாரித்து முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், நாப்கின் மாத்தும்போது இவளுக்கு இடது கால் மட்டும் விரிய மாட்டேங்குது. வலது கால் சுலபமா விரியுது. உங்க பேத்திக்கு சின்னதுல இடுப்புல என்னமோ இருந்துச்சுன்னு சொல்வாங்களே, அது இப்படித்தான் இருந்துச்சா?"

மாமியார் முந்திக்கொண்டார். "பச்சக் கொழந்த அப்டித்தான் சார் இருக்கும். எண்ண தேச்சி நல்லா உருவி உட்டா சரியாப் பூடும். இவ எதுக்கெடுத்தாலும் பயந்துக்குனு ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்ல."

அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2012-ல் என் மகளிடம் நானும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். அந்தக் கதையை எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் அதை என் தங்கையிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் தங்கை 1958-ல் காணையில் எங்கள் வீட்டிலேயே பிறந்தாள். தலை திரும்பாமல் கால் முன்னே வந்த பிரசவம். மருத்துவச்சி ஆயா கெட்டிக்காரி, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். கால் முன்னே பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு, சுளுக்கு விட்டுப்போகும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அவளுக்கு மூன்று நான்கு வயதான பிறகு, இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள். இவள் முதுகில் ஏறி மிதிப்பாள். வெல்லமோ வேர்க்கடலையோ கிடைக்கும். ஊரார் இடுப்பையெல்லாம் மிதித்துச் சரிசெய்த பிள்ளைக்குத் தன் இடுப்பில்தான் கோளாறு என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஒன்றரை வயதுக்கு மேல்தான் நடந்தாள். நடந்தபோது இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். பிள்ளைகள் வாத்து என்று கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு குழந்தை நொண்டினால் இளம்பிள்ளை வாதம் என்றுதான் சொல்வார்கள். அதுவும் ஊருக்கு நாலு பேருக்கு இருந்தது. ஆனால் வாதம் வந்த கால் சூம்பிப் போகும், பலம் இருக்காது. இவளோ புளியமரத்தில் எங்களுக்கு முன்னே ஏறுவாள். அந்த வித்தியாசத்தை யோசிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

அம்மா மட்டும் வாதம் என்று நம்பவில்லை. நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது ஒருநாள் ஏணையின் முடிச்சு நழுவிக் குழந்தை கீழே விழுந்துவிட்டதாம். அன்றைக்குத்தான் கால் போயிற்று, நான்தான் முடிச்சைச் சரியாகப் போடவில்லை என்பது அம்மாவின் தீர்மானம். தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் நடையைப் பார்த்துவிட்டு எழுந்து போகும் ஒவ்வொரு முறையும், அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அந்த முடிச்சைப் பற்றியே பேசுவார். தங்கைக்கு முப்பதாவது வயதில் ஒரு நல்ல மனிதர் கிடைத்தார். அதற்குப் பிறகும் அம்மாவின் மனசு ஆறவில்லை. 1994-ல் அதோடுதான் கண்ணை மூடினார்.

தங்கைக்கு நாற்பது வயதுக்கு மேல் வலி வந்தது. தைலம், கட்டு, மாத்திரை என்று ஓட்டினாள். 2006-ல் நான்தான் வற்புறுத்தி எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனேன். எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து மாதிரி. அது இடுப்பெலும்பில் இருக்கும் கிண்ணத்தில் உட்கார வேண்டும். இவளுக்கு வலப்பக்கம் அப்படித்தான் இருந்தது. இடப்பக்கம் கிண்ணம் ஆழமே இல்லாமல் தட்டையாக இருந்தது. பந்து மேலே ஏறித் தனியாக நின்றது. "இது பிறவியிலேயே உள்ளதுங்க. விழுந்ததாலோ வாதத்தாலோ வந்ததில்லை" என்றார். கால் முன்னே வந்த பிரசவமா என்று அவராகவே கேட்டார்.

தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கொழந்தையா இருக்கும்போதே பாத்திருந்தா?"

மருத்துவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "துணி வாரிலேயே சரியாகியிருக்கலாம்மா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா இருந்திருந்தா சொல்லியிருக்கலாம், அண்ணே" என்று மட்டும் சொன்னாள். 2010-ல் சென்னையில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டாள்.

இவ்வளவும் கூட இருந்து பார்த்தவன் நான். அப்படியிருந்தும் 2012-ல் என்ன செய்தேன் பாருங்கள்.

என் மகளுக்குத் தலைப்பிரசவம். கடைசி வரை குழந்தையின் தலை திரும்பவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு மாதம் ஆனபோது மகள் சொன்னாள், "அப்பா, இவளுக்கு ஒரு கால் சரியா விரியலை. தொடை மடிப்பு ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி இருக்கு." என் மனைவி, "குளிப்பாட்டும்போது நல்லா நீவி விடறேன்" என்றார். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், பயப்படாதே" என்றேன். பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அவரும், "நடக்கட்டும், ஒரு வயதில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. மகளுக்குப் போதவில்லை. ஆனால் வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர் ஒரே மாதிரி சொன்ன பிறகு, முதல் பிள்ளை பெற்ற பெண் என்ன பேசுவாள்?

குழந்தையைப் பார்க்கத் தங்கை வந்தாள். மகள் அத்தையிடம் மெல்லச் சொல்லியிருக்கிறாள். தங்கை குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தாள். இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதங்களைச் சேர்த்து வைத்தாள். "அண்ணே, இங்க வா. இந்த முட்டி தாழ்ந்து இருக்கு, பாரு" என்றாள். பார்த்தேன். ஒரு விரற்கடை அளவு தாழ்ந்திருந்தது. தன் ஆபரேஷனின்போது மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். "நாளைக்கே ஜிப்மருக்குக் கூட்டிக்கினு போங்க. சரியாப் பூடும்னு எனக்குந்தான் சொன்னாங்க" என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் புதுச்சேரி போய், அங்கிருந்து கோரிமேடு போனோம். மருத்துவர் குழந்தையின் தொடைகளைப் பிடித்து மெதுவாக விரித்துப் பார்த்தார். இந்தச் சோதனையை 1937-ல் விளக்கி எழுதியவர் ஓர்டோலானி என்ற இத்தாலியக் குழந்தை மருத்துவர். வெளியே இருக்கும் பந்து கிண்ணத்துக்குள் நழுவி விழுவதைக் கையாலேயே உணர முடியும். அதற்கு இணையான இன்னொரு சோதனையை 1962-ல் இங்கிலாந்தில் பார்லோ என்பவர் கொடுத்தார். இரண்டுக்கும் தேவை பழகிய கையும் அழாத குழந்தையும்தான்.

எக்ஸ்ரே எடுக்கவில்லையா என்று கேட்டேன். நாலைந்து மாதம் வரை அந்தப் பந்து குருத்தெலும்பாகவே இருக்குமாம், எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாதாம். அதனால் ஸ்கேன் எடுத்தார்கள். பச்சிளம் குழந்தையின் இடுப்பை ஸ்கேனில் அளந்து பார்க்கும் முறையை 1980 வாக்கில் ஆஸ்திரியாவின் கிராஃப் என்ற மருத்துவர் உருவாக்கினார்.

பிறகு வார் மாட்டினார்கள். செக் நாட்டு மருத்துவர் பாவ்லிக் 1940களில் கொண்டுவந்தது. தோளில் இரண்டு பட்டை, மார்பில் ஒன்று, கால்களுக்குப் பட்டைகள். தவளை மாதிரி முழங்கால்கள் மடங்கி விரிந்து இருக்கும். குழந்தை காலை உதைக்கலாம், ஆனால் நீட்ட முடியாது. அந்த நிலையில் பந்து கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். பந்து உட்கார்ந்திருந்தால்தான் கிண்ணம் அதைச் சுற்றி ஆழமாக வளரும். மருந்து எதுவும் இல்லை, குழந்தையின் வளர்ச்சியேதான் வைத்தியம். அதனால்தான் வயது இதில் அவ்வளவு முக்கியம். ஆறு மாதத்துக்குள் என்றால் பெரும்பாலும் வாரே போதும். அதற்கு மேல் போனால் மயக்கம் கொடுத்து மூட்டை உட்கார வைத்து, இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு. ஒன்றரை வயது தாண்டினால் பெரும்பாலும் கத்திதான், சிலருக்கு எலும்பையே வெட்டிச் சரிசெய்ய வேண்டும். எங்களிடம் "ஒரு வயதில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பன்னிரண்டு வாரம். முதல் சில வாரங்கள் இரவும் பகலும் கழற்றக் கூடாது. எண்ணெய்க் குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைப்பதுதான். என் மனைவி, "பச்சப் புள்ளையக் கட்டிப்போட்டு வெச்சிருக்கீங்களே" என்று அழுதார். வந்து போகிறவர்கள் கேட்பார்களே என்று வாரின் மேல் துண்டைப் போட்டு மூடினார். பெண் குழந்தையாயிற்றே, நாளைக்கு நாலு பேர் பேசுவார்களே என்ற பயம். ஒருநாள் தங்கை அந்தத் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "என் நடைய மூடறதுக்கு எந்தத் துண்டு அண்ணி இருந்துச்சு?" என்று கேட்டாள். அதோடு துண்டு போயிற்று. இரண்டாவது வாரத்திலிருந்து குழந்தை வாரோடு சிரிக்கத் தொடங்கிவிட்டது. எங்களுக்குத்தான் பழக நாளானது.

என் மனைவி அங்கே இன்னொன்றும் கற்றுக்கொண்டார். குளிப்பாட்டியதும் கால் கோணாமல் இருக்க இரண்டு காலையும் நேராக நீட்டி, பழைய வேட்டியில் இறுக்கிச் சுற்றி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். குழந்தையின் இடுப்புக்கு அது ஆகாது. கைகளைச் சுற்றலாம், கால்கள் மடங்கி விரிய இடம் வேண்டும். ஜப்பானிலும் கால்களை நீட்டிக் கட்டும் வழக்கம் இருந்தது. 1970களில் அதை விடச் சொல்லி நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள், இந்தக் கோளாறு பெருமளவு குறைந்தது. நம் பெண்கள் குழந்தையை இடுப்பில் கால் விரித்து உட்கார வைத்துத் தூக்குகிறார்களே, அது நல்ல பழக்கம் என்று எலும்பு மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆக, பாட்டி வைத்தியம் எல்லாம் தப்பும் இல்லை, எல்லாம் சரியும் இல்லை.

வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலை திரும்பாமல் இருந்த குழந்தை (ஆபரேஷன் செய்து எடுத்திருந்தாலும் சரி), பெண் குழந்தை, தலைப்பிள்ளை, குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் — இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இடது பக்கத்தில்தான் பெரும்பாலும் வரும். வலி இருக்காது, குழந்தை அழாது. ஒரு கால் குறைவாக விரிவது, ஒரு முட்டி தாழ்ந்திருப்பது, நடக்கும்போது சாய்வது, இவைதான் அடையாளம். தொடை மடிப்பு மட்டும் மாறி இருந்தால் பயப்பட வேண்டாம், நல்ல குழந்தைகள் பலருக்கும் அப்படி இருக்கும். ஆனாலும் காட்டிவிடுவது நல்லது. மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டத்தில், பிறவிக் குறைகளின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. தடுப்பூசிக்குப் போகும்போது நர்சம்மாவிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

என் பேத்தி இப்போது பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகிறாள். அவள் நடப்பதை என் தங்கை ஒரு சில நேரம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள்.

பஸ் ஸ்டாப் பெண்ணிடம் இத்தனையும் சொல்ல நேரமில்லை. "நாளைக்கே முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போம்மா" என்றேன். மாமியாரிடம், "நீங்களும் கூடப் போங்கம்மா, நான் போகாம தப்பு பண்ணவன்" என்றேன். நேற்று அவளிடமிருந்து போன் வந்தது. ஸ்கேன் எடுத்தார்களாம். மூட்டு சரியாக இருக்கிறது, தசைதான் கொஞ்சம் இறுக்கம், இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை காட்டுங்கள் என்று சொன்னார்களாம். "வீணா எல்லாரையும் அலைய வெச்சிட்டேன் சார்" என்றாள்.

"ஒருநாள் அலைச்சல்தானேம்மா" என்றேன்.

இதைத் தங்கையிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு. அந்தப் பொண்ணு இனிமே ராத்திரியில தூங்கும்" என்றாள்.