ஒரு கிலோவுக்கு எவ்வளவு?

மருந்துக்கடையில் நிற்கும் என்னிடம் இரவு நேரங்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "பிள்ளைக்குக் காய்ச்சல், எத்தனை மில்லி கொடுக்கலாம்?" என்பதுதான். எல்லோரும் வயதைச் சொல்வார்கள். எடையைச் சொல்பவர் அரிது.

அண்மையில் இஷா தொழுகை முடித்து வந்த இளம் தந்தை ஒருவர், பாராசிட்டமால் சொட்டு மருந்துப் புட்டியை நீட்டினார். "காக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இரண்டு வயதுதான். அவர்கள் 5 மில்லி கொடுக்கிறார்களாம். நாங்களும் அப்படியே கொடுக்கலாமா?"

எடையைக் கேட்டேன். 10 கிலோ என்றார். தாளில் கணக்கிட்டுக் காட்டினேன்.

இம்மருந்து ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆகவே அப்பிள்ளைக்கு உச்ச அளவு 150 மில்லிகிராம். பக்கத்து வீட்டில் தொலைபேசியில் விசாரித்தோம். அவர்களிடம் இருந்தது 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப். அதில் 5 மில்லி சரியே. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பாயின் 3 மில்லி போதும். இவர் கையிலிருந்த சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். ஒன்றரை மில்லியைத் தாண்டலாகாது. 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம். மூன்று மடங்குக்கும் மேல். அதையே நாளுக்கு நான்கு வேளை கொடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படும். ஆரம்பத்தில் அறிகுறி ஏதும் தெரியாமலும் போகலாம்.

பக்கத்து வீட்டார் சொன்னது பொய்யன்று. ஆனால் அது வேறொரு புட்டியின் அளவு.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை சிலவே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, பின் தனியே நின்று பார்த்துக் கழித்தால் எடை கிடைத்துவிடும். புட்டியில் மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்பதைப் படியுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். அளவுக் குழலே நம்பகமானது. வேளைகளுக்கிடையே குறைந்தது 4 மணி நேரம். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

நிறுவையில் கூட்டுவதும் குறைப்பதும் பாவம் என்பதைக் கடைத்தெருவுக்கு மட்டும் உரியதாக நினைக்கிறோம். பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் வாயில் ஊற்றும் மருந்துக்கும் அந்த நிறுவை உண்டு.