கருகலுக்கு முந்தைய மணம்

அப்பா பாரிசில் ஒரு வெதுப்பகத்தில் இரவு வேலை செய்பவர். விடியற்காலையில் வீடு திரும்பும்போது அவருடைய ஜாக்கெட்டில் வெண்ணெயும் மாவும் அடுப்புச் சூடும் கலந்த ஒரு மணம் இருக்கும். வாசனைத் திரவியம் செய்யும் தொழிலுக்கு வந்த பிறகு நான் பிடிக்க ஆசைப்பட்டது அந்த மணத்தைத்தான்.

முதல் கலவையில் வனிலினும் எத்தில் மால்ட்டாலும் தாராளமாகப் போட்டேன். எத்தில் மால்ட்டால் பஞ்சுமிட்டாய் மாதிரி மணக்கும். 1992இல் ஒலிவியே க்ரெஸ்ப் உருவாக்கிய 'ஏஞ்சல்' என்ற வாசனைத் திரவியம் வெற்றி பெற்ற பிறகு இனிப்புப் பண்ட வாசனைகளில் அதற்குப் பெரிய இடம் கிடைத்துவிட்டது. காகிதப் பட்டையில் தோய்த்து முகர்ந்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. அப்பா வேலை நாளில் சென்ட் பூச மாட்டார், மாவில் ஏறிவிடும் என்பார். அதனால் அவருடைய லீவு நாளான திங்கட்கிழமை மணிக்கட்டில் அடித்துவிட்டேன். அரை மணித்தியாலம் கழித்து முகர்ந்தவர், "இது சீனி, பிள்ளை. இன்னும் வேகேல்லை" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. அவர் இரவில் சுடும் குரோசான் அப்படியொன்றும் இனிப்பான பண்டமல்ல. அதன் மணத்தில் பெரும்பங்கு சிவந்த மேலோட்டில் இருக்கிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் ஆகும் வினையை 1912இல் லூயி கமிய் மையார் விவரித்தார். மேற்பரப்பு ஏறத்தாழ 140 பாகையைத் தொடும்போது அந்த வினை வேகம் பிடிக்கிறது. அப்போது பிறக்கும் பொருள்களில் ஒன்று 2-அசெட்டைல்-1-பைரோலின். பாண் மேலோட்டிலும் பாஸ்மதி அரிசியிலும் ரம்பை இலையிலும் இருப்பது இதே பொருள்தான். இதை அறிந்த அன்று, அம்மா சோற்றுக்கு எடுத்து வைத்திருந்த ரம்பையைக் கசக்கி மூக்கருகே பிடித்தபடி வெகுநேரம் சமையலறையில் நின்றேன். அப்பாவின் ஜாக்கெட்டும் அம்மாவின் சோற்றுப் பானையும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டன.

ஆனால் அந்தப் பொருள் நிலையற்றது, போத்தலில் தங்காது. அதன் இடத்தில் அசெட்டைல் பைரசீனை எடுத்தேன். மிகக் கொஞ்சம் போதும். ஒரு துளி கூடினால் சினிமாக் கொட்டகையின் சோளப்பொரி வந்து நிற்கும்.

அதற்குப் பிறகுதான் தோலோடு உண்மையான போராட்டம். காகிதத்துக்குச் சூடும் இல்லை, எண்ணெய்ப் பசையும் இல்லை. தோலின் மேற்பரப்போ 32, 33 பாகையில் இருக்கிறது. எளிதில் ஆவியாகும் மூலக்கூறுகளை அது முதலில் அனுப்பிவிடும். மேலோட்டு மணம் இருபது நிமிடத்தில் போய்விட, வனிலின் மட்டும் மறுநாள் வரை உட்கார்ந்திருக்கும். வெதுப்பகத்தில் தொடங்கி மிட்டாய்க் கடையில் முடியும் வாசனைகளை நான் நிறையப் பூசிப் பார்த்திருக்கிறேன். எத்தனை மணி நேரம் தங்குகிறது என்றுதான் வாங்குபவர்கள் கேட்கிறார்கள். எது தங்குகிறது என்பதே என் கவலை.

வெண்ணெய்க்காகத் துளி பியூட்டிரிக் அமிலம் சேர்த்தேன். காகிதத்தில் அசல் வெண்ணெய். மெத்ரோவில், நண்பகல் வெக்கையில், என் கையிலேயே அது புளித்த வாந்தியாக மாறியது. அதை விட்டுவிட்டு டெல்டா டெக்காலாக்டோனுக்கு வந்தேன். அதன் பாலாடைத் தன்மை மெதுவாகவே கலைகிறது.

வனிலினை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, பச்சூலி சேர்த்தேன். 'ஏஞ்சல்' கற்றுத் தந்தது இதைத்தான்: மெதுவாகப் போகும் இனிப்புக்குப் பக்கத்தில், அதே அளவு மெதுவாகப் போகும் ஒரு கசப்பு வேண்டும். அங்கே பச்சூலி மண்ணாக மணக்கிறது. நான் அதைத் தட்டின் அடியில் ஒட்டிய கருகலாக மணக்க வைக்கப் பார்த்தேன்.

அப்பாவின் கை மாவில் காய்ந்து வறண்டது. எதைப் பூசினாலும் சீக்கிரம் போய்விடும். வாசமில்லாத கிரீமை முதலில் தடவிவிட்டு, அதன் மேல் பதினோராவது கலவையை அடித்தேன். மாலை ஆறு மணிக்கு மணிக்கட்டை நீட்டினார்.

"இப்ப அடி கொஞ்சம் சிவந்திருக்கு. உப்புக் காணாது."

உப்புக்கு மணம் கிடையாது. ஆனால் அவர் எதைத் தேடுகிறார் என்று விளங்கியது. அம்ப்ராக்சன் தோலில் படும்போது கடற்கரைக் காற்றில் காய்ந்த கையின் மணம் வரும். பன்னிரண்டாவது கலவையில் அதைக் கொஞ்சம் நிறுத்துப் போட்டு, மூடி, தேதி எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.