மேற்கே மலை

திருவண்ணாமலையில் பத்திரம் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கோயிலுக்குப் பின்பக்கத் தெருக்களில் எந்த வீடாக இருந்தாலும் செக்குபந்தியில் ஓர் எல்லையை யோசிக்க வேண்டியதில்லை. வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் காலி மனை, கிழக்கே தெரு என்று மூன்று பக்கமும் கிரயத்துக்குக் கிரயம் மாறும். மேற்கே மலை என்பது மட்டும் மாறாது. நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் எழுதிவந்தேன். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்த மேற்கெல்லை தெருவுக்குள் வந்துவிட்டது.

ஃபெஞ்சல் புயல் முந்தைய நாள் இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. கரையேறிய புயல் கலைந்து போய்விடும் என்பதுதான் வழக்கம். இது நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பிறகு மெல்ல மேற்கே எங்கள் பக்கம் திரும்பியது. ஞாயிறு காலையிலேயே மலையில் நான் பார்த்திராத இடங்களிலெல்லாம் வெள்ளையாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் மாடியில் நின்று அதைப் போனில் படம் பிடித்தார்கள். அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தீபத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு மூன்று நாள்தான் பாக்கி. ஊரில் எல்லாருடைய கவலையும் பந்தல்கால், கடை வாடகை, லாட்ஜ் முன்பதிவு பற்றித்தான்.

சத்தம் கேட்டபோது இடி என்று நினைத்தேன். இடி ஒரு வெடிப்பில் அடங்கிவிடும். இது அடங்காமல் இழுத்துக்கொண்டே வந்தது, சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கரண்ட் போனது. வ.உ.சி. நகர் எங்கள் தெருவிலிருந்து கொஞ்சம் ஏறினால் வந்துவிடும். நான் போய்ச் சேர்ந்தபோது 11ஆவது தெருவுக்குள் போலீஸ் யாரையும் விடவில்லை. செம்மண் குழம்பு முழங்கால் வரை ஓடியது. மேலேயிருந்து மண்ணோடு வந்த பாறை ஒரு வீட்டை அப்படியே மூடியிருந்தது. உள்ளே ஏழு பேர், அதில் ஐந்து பேர் குழந்தைகள்.

அன்று இரவு அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், எதுவுமே செய்ய முடியாத நிலை அது. ஜேசிபி அந்தச் சந்துக்குள் ஏறாது. ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் எதிரே வருகிறவர் திண்ணையில் ஏறி நிற்கிற அகலம்தான். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், கைக்கருவிகளோடு ஏறினார்கள். ஆனால் மழை விடவில்லை. மேலே இன்னும் பாறைகள் பிடிப்பில்லாமல் நின்றன. மண்ணைத் தோண்டத் தோண்ட மேலேயிருந்து மண் வந்தது. திங்கட்கிழமை மாலைக்கு மேல்தான் உடல்கள் வெளியே வரத் தொடங்கின. முழுதும் முடியச் செவ்வாய்க்கிழமை ஆயிற்று. இதற்கிடையில் மலையில் வேறு இடங்களிலும் சரிந்தது. திங்கள் விடிகாலையில் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, தென்பெண்ணைக் கரையோரம் விழுப்புரம், கடலூர்ப் பக்கமெல்லாம் மூழ்கியது. டிவியில் பாதித் திரையில் எங்கள் மலை, பாதித் திரையில் ஆறு.

அந்த வாரம் முழுக்க ஒரே கேள்வி. மைக் பிடித்தவர்கள் கேட்டார்கள், சென்னையிலிருந்து போன் செய்த என் உறவினர்கள் கேட்டார்கள்: “மலைமேல போய் ஏன் கட்டினாங்க?” கேட்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரின் மண் கைமாறியதை எழுதிக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கேள்வி கோபத்தைத்தான் கிளப்பியது. கீழே இருந்த இடமெல்லாம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது ஊர் என்றால் நான்கு மாட வீதியும் அதைச் சுற்றிய தெருக்களும்தான். திருவூடல் தெரு, சின்னக்கடைத் தெரு, பேகோபுரத் தெரு. வேங்கிக்கால் தனிக் கிராமம், ஏரிப்பாசனம், நெல். கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும். 1989 செப்டம்பர் 30ஆம் தேதி வட ஆற்காட்டைப் பிரித்து திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று அறிவித்தார்கள். கலெக்டர் அலுவலகம் வேங்கிக்காலுக்கு வந்தது. அதோடு வந்தார்கள் குமாஸ்தாக்கள், தாசில்தார்கள், அவர்களுக்கு வீடு, வீட்டுக்கு மனை. வேலூர் ரோட்டின் இருபுறமும் நஞ்சையில் மஞ்சள் கல் நட்டார்கள். அதுவரை ஏக்கரில் எழுதிய கை சதுர அடியில் எழுதப் பழகியது. தலைவர்கள் பெயரில் நகர், சாமி பெயரில் நகர், மனை போட்டவரின் மகள் பெயரில் நகர். எனக்குத் தொழில் சூடு பிடித்தது அப்போதுதான். என் வீடும் அந்தக் காசில் கட்டியதுதான்.

அடுத்து வந்தது பௌர்ணமி. கிரிவலம் பழையது, ஆனால் மாதாமாதம் லட்சக்கணக்கில் கூடுவது எங்கள் தலைமுறையில் வந்தது. முன்பெல்லாம் கார்த்திகைக்குச் சுற்றுவார்கள், மற்ற நாட்களில் வயதானவர்கள் சிலர். யம லிங்கம் தாண்டிவிட்டால் இருட்டு. பாம்புக்குப் பயந்து கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டு நடப்பார் என் தாத்தா. தொண்ணூறுகளில் சென்னையிலிருந்து சிறப்புப் பேருந்துகள் விட்டார்கள், பாதை முழுக்க விளக்கு வந்தது. அந்த விளக்குகள் ரஜினிகாந்த் செலவு என்று ஊரே சொல்லும். 14 கிலோமீட்டர் பாதையில் மானாவாரி வேர்க்கடலை போட்ட புஞ்சைகள் சென்ட் கணக்கில் விற்றன. அடி அண்ணாமலையில் ஓர் ஏக்கரை மகள் கல்யாணத்துக்கு விற்றவர், பத்து வருஷம் கழித்து அதே இடத்தில் கட்டிய லாட்ஜில் வாட்ச்மேனாக இருந்தார். அவருக்குக் கிரயம் எழுதியவனும் நான்தான், பின்னால் மனையைப் பிரித்துக் கொடுத்ததை எழுதியவனும் நான்தான்.

செங்கம் ரோட்டுப் பக்கம் கதை வேறு. 1896இல் பதினாறு வயதுப் பையனாக வந்து இறங்கிய வேங்கடராமன், ரமண மகரிஷியாகி, 1922இல் தாயார் சமாதி அருகே தங்கியதிலிருந்து அந்தத் தெற்கு அடிவாரத்துக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. 1934இல் பால் பிரண்டன் எழுதிய புத்தகம் வெள்ளைக்காரர்களை அழைத்து வந்தது. 1950இல் மகரிஷி மறைந்த பிறகும் வரவு நிற்கவில்லை. ஆனால் ரமண நகரில் வாடகை என்பது தனி விவகாரமானது கடைசி முப்பது வருஷத்தில்தான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சீசன். அந்த நான்கு மாதத்துக்கு ஓர் அறைக்கு வருகிற தொகைக்கு, உள்ளூர்க்காரன் வருஷம் முழுக்கக் கொடுக்கிற வாடகையும் ஈடாகாது. வெளிநாட்டவர் இங்கே விவசாய நிலம் வாங்கச் சட்டம் இடம் கொடுக்காது என்பதால் குத்தகை, வேறொருவர் பெயர், நம்பிக்கை ஒப்பந்தம் என்று பல வழிகளோடு வருவார்கள். நான் அவர்களை வக்கீலிடம் அனுப்பிவிடுவேன். இப்போது சில வருஷங்களாக ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருகிற கூட்டம். பாதி ஓட்டல்களில் பலகை தெலுங்கில்தான்.

2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உத்தரவு போட்டது. பதிவு அலுவலக வாசலில் நாங்கள் சீட்டாடாத குறைதான். மறு வருஷம் வரன்முறைத் திட்டம் வந்து, பணம் கட்டி, எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கியது. அந்தத் தடையால் துளியும் பாதிக்கப்படாத இடம் ஒன்று இருந்தது. அதுதான் மலையடி. அங்கே கைமாறும் இடங்களில் பாதி பதிவு அலுவலகத்தையே பார்த்ததில்லை.

அங்கே வீடு வளர்கிற முறையைச் சொல்கிறேன். முதலில் பாறைக்கு முட்டுக் கொடுத்து ஓலைக்குடிசை. ஒரு மழைக்காலம் தாண்டினால் ஷீட். வீட்டு வரி ரசீது கிடைத்தால் கரண்ட், கரண்ட் பில் இருந்தால் ரேஷன் அட்டை, பிறகு வாக்காளர் அட்டை, குழாய், சிமெண்ட் ரோடு. பிள்ளை சம்பாதித்தால் தளம் போட்டு மாடி. இத்தனை காகிதமும் இருக்கும், பட்டா மட்டும் இருக்காது. விற்க வேண்டி வந்தால் முத்திரைத்தாளில் அனுபவப் பாத்தியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள். சர்வே எண்ணுக்கு நேரே ஒரு கோடு, மேற்கே மலை.

யார் இருந்தார்கள் என்றால், கீழே லாட்ஜ் கட்டிய கொத்தனாரும் சித்தாளும். லாட்ஜில் அறை பெருக்குகிறவர்கள், விரிப்பு துவைக்கிறவர்கள். கோபுர வாசலில் பூ, விளக்கு, கற்பூரம் விற்கிறவர்கள். வேலை கோயிலைச் சுற்றி, அதுவும் விடிகாலை மூன்று மணிக்குத் தொடங்கும். நடந்து போகிற தூரத்தில் அவர்கள் கைக்கு எட்டிய ஒரே இடம் மேலேதான் இருந்தது. ஊர் ஒவ்வொரு முறை பெருத்தபோதும் மேலே ஒரு வரிசை வீடு கூடியது. இதை நான் பத்திரங்களில் பார்த்தேன், வேறு யாரும் ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்லை.

அதே சரிவில் இருந்த ஒரு பூக்காரம்மா என்னிடம் மனு எழுதிக்கொள்ள வருவார். சரிவுக்கு முன்பே ஒருமுறை, மழை நாளில், பயமாக இல்லையா என்று கேட்டேன். “இன்னா ரைட்டரே, ஊருலேர்ந்து அவ்ளோ ஜனம் வந்து சுத்திட்டுப் போவுது. நாங்க அப்பன் மடியிலயே கீறோம்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “கீழ ரெண்டாயிரத்துக்கு ஒரு ரூம் புடிச்சிக் குடு, இன்னிக்கே எறங்கிடறேன்” என்றார். முதல் வாக்கியத்தை மட்டும் எழுதினால் கட்டுரை பக்திமயமாகிவிடும். இரண்டாவதுதான் அவர் சொல்ல வந்தது.

சரிவு நடந்த வருஷம் ஊருக்கு நல்ல வருஷமாகத்தான் தொடங்கியது. மே மாதம் சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை வந்த ரயிலை இங்கே வரை நீட்டினார்கள், 50 ரூபாய் டிக்கெட். ஆகஸ்டில் நகராட்சி மாநகராட்சியானது. சுற்றுப்பட்டுப் பஞ்சாயத்துகளில் சிலர், மாநகராட்சியோடு சேர்த்தால் நூறு நாள் வேலை போய்விடும் என்று முணுமுணுத்தார்கள், மனை வைத்திருந்தவர்கள் இனிப்பு கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் சரிவு.

பாறை விழுந்த பிறகு சென்னை ஐஐடியிலிருந்து வல்லுநர்கள் வந்து மண்ணைப் பார்த்தார்கள், புவியியல் துறையினர் மலையேறினார்கள். இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் என்று முதலமைச்சர் அறிவித்தார். 13ஆம் தேதி தீபம். மலையேறப் பக்தர்களுக்கு அனுமதியில்லை. கொப்பரை, நெய், திரி சுமந்தவர்களும் தீபமேற்றும் பர்வதராஜகுலத்தாரும் அதிகாரிகளும் மட்டும் போனார்கள். கீழே கூட்டத்துக்குக் குறைவில்லை. வழக்கம்போல் மாலை ஆறு மணிக்கு அரோகரா என்று ஊர் அதிர்ந்தது. எங்கள் தெருவில் அந்தச் சத்தத்துக்கு ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். தீபத்தைக் கும்பிட்டேன். அன்று மலையைப் பார்த்தபோது பழைய பழக்கமாகக் கை கூப்பியதா, பயத்தில் கூப்பியதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிறகு கணக்கெடுப்பு. எந்த வீடு எந்தக் கோட்டுக்கு மேலே, யாருக்கு மாற்று இடம் என்று பேச்சு. மலை ஆக்கிரமிப்பு பற்றி உயர் நீதிமன்றத்தில் வழக்கு. என் மேஜையில் மனுக்கள் குவிந்தன. எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே வாசகம்: ஊருக்கு வெளியே கொடுத்தால் பிழைப்பு போய்விடும், கோயிலுக்குக் கிட்டே கொடுங்கள். நான் அதை அப்படியே எழுதினேன். அப்படி ஓர் இடம் கிட்டே இருந்திருந்தால் அவர்கள் மேலேயே போயிருக்க மாட்டார்கள் என்றும் ஒரு வரி சேர்த்தேன். மனுவில் அதற்கு இடமில்லை என்று சிலர் அடிக்கச் சொன்னார்கள்.

பூக்காரம்மா மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. நிவாரண முகாமிலிருந்து தங்கை வீடு, அங்கிருந்து வேங்கிக்காலில் ஒற்றை அறை. வாடகை ஒப்பந்தம் எழுத வீட்டுக்காரரோடு வந்தார். பதினோரு மாதம், மூவாயிரத்து ஐந்நூறு, முன்பணம் இருபதாயிரம். எல்லாம் எழுதி முடித்த பிறகு வீட்டுக்காரர் இன்னொரு ஷரத்து சேர்க்கச் சொன்னார்: தீபத்தின்போது பத்து நாள் அறையைக் காலி செய்து தர வேண்டும். அந்தப் பத்து நாளில் வெளியூர்க்காரர்களிடம் அவருக்கு நாலு மாத வாடகை வந்துவிடும்.

“தீபத்துக்கு எனக்கு யாவாரமாச்சே, நான் எங்க போறது?” என்றார் அம்மா.

“தங்கச்சி வீடு இருக்குதில்ல?”

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, அப்படி ஒரு ஷரத்தை நான் எழுதுவதில்லை என்றேன். வீட்டுக்காரர் வேறு ரைட்டரிடம் போவதாக எழுந்தார். அம்மாதான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அரைமணி நேரம் பேரம் நடந்தது. கடைசியில் தீபத்தன்றும் முந்தைய நாளும் மறுநாளும், ஆக மூன்று நாள் என்று முடிந்தது. அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த மூன்று நாள் வாடகையைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லிவிட்டு, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டார்.