பூட்டிய பெட்டியும் பிள்ளையின் புத்தகப்பையும்



பூட்டுக்கு ஒரு மொழி உண்டு. "இது என்னுடையது, கேட்காமல் திறவாதே" என்பதே அம்மொழி. காவலர் சாலையில் வண்டியை நிறுத்தும்போது அம்மொழி எவ்வளவு தூரம் செல்லும்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக எதிர்கொண்டு வரும் கேள்வி இது. ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பாடம் இருக்கிறது.

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் 1791-இல் நடைமுறைக்கு வந்தது. மக்களின் உடல், வீடு, ஆவணம், உடைமை ஆகியவற்றை நியாயமற்ற சோதனையிலிருந்து அது காக்கிறது. சோதிக்க நீதிபதியின் ஆணை வேண்டும் என்பது பொது விதி. ஆனால், வீடு நின்ற இடத்தில் நிற்கும். மகிழுந்தோ ஆணை பெற்று வருவதற்குள் ஓடிவிடும். எனவே, மதுவிலக்குக் காலத்தில் எழுந்த கெரோல் வழக்கில் (1925), தக்க காரணம் இருந்தால் ஆணையின்றியே மகிழுந்தைச் சோதிக்கலாம் என்று தீர்ப்பாயிற்று.

உள்ளே பூட்டிய பெட்டி இருந்தால்? 1977-இல் சாட்விக் வழக்கு வந்தது. பாஸ்டன் தொடர்வண்டி நிலையத்தில் மகிழுந்தின் பின்புறம் ஏற்றப்பட்ட, இரண்டு பூட்டுகள் கொண்ட பெட்டியை அதிகாரிகள் கைப்பற்றி, தங்கள் அலுவலகத்தில் ஆணையின்றித் திறந்தனர். உள்ளே கஞ்சா இருந்தது. ஆயினும் அச்சோதனை செல்லாது என்றது நீதிமன்றம். ஐந்தே ஆண்டுகளில் நிலை மாறியது. மகிழுந்து முழுவதையும் சோதிக்கத் தக்க காரணம் இருப்பின், தேடும் பொருள் இருக்கக்கூடிய எந்தப் பெட்டியையும் திறக்கலாம் என்று ரோஸ் வழக்கு (1982) கூறியது. பெட்டியைப் பற்றி மட்டும் தக்க காரணம் இருந்தாலே போதும் என்றது அசிவெடோ வழக்கு (1991). சாலையில் பூட்டின் மதிப்பு இவ்வாறு குறைந்தது.

தக்க காரணம் இல்லாத காவலர் என்ன செய்வார்? "பார்க்கலாமா?" என்று கேட்பார். முகப்பு விளக்கு எரியாமல் நிறுத்தப்பட்ட மகிழுந்து ஒன்றைப் பற்றிய 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, மறுக்கும் உரிமை உண்டு என்பதைக் காவலர் எடுத்துச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மகிழுந்தைச் சோதிக்க ஒப்பியவர், உள்ளிருக்கும் காகிதப் பையைத் திறக்கவும் ஒப்பியதாகக் கொள்ளலாம். பூட்டிய கைப்பெட்டியை உடைக்க ஒப்பியதாகக் கொள்வது பொருந்தாது என்று 1991-இல் ஹிமெனோ வழக்கில் நீதிமன்றம் கருத்துரைத்தது. அங்கே பூட்டுக்கு இன்னும் சிறிது உயிர் இருக்கிறது.

இவற்றை என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் எளிமையாகச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, வேண்டாம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வராதா?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளைக்குச் சட்டம் தெரியாது. அதிகாரம் எப்படிப் பேசும் என்பது தெரிந்திருக்கிறது. சீருடை அணிந்தவர் கேட்கும் கேள்வி அவள் காதில் கட்டளையாகவே விழுகிறது. பன்னிரண்டு வயதுக்குள் இதை அவளுக்குக் கற்பித்தவர்கள் யார்? வீட்டிலும் பள்ளியிலும் இருக்கும் பெரியவர்களாகிய நாம்தாம்.

நம் நாட்டுச் சட்டம் வேறு; அமெரிக்கத் தீர்ப்புகளை நம் சாலைத் தடுப்புகளில் ஒப்புவிக்க வேண்டியதில்லை. ஆனால், புத்தகப்பை நம் கையில் இருக்கிறது. கட்டொழுங்குச் சோதனை தேவைப்படும் நாளில், காரணத்தை முதலில் சொல்லுவோம். பையை மாணவன் கையாலேயே திறக்கச் செய்வோம். பிறர் பார்வையில் அவன் பொருள்களைக் கொட்டாதிருப்போம். பெற்றோர்களே, பிள்ளையின் நாட்குறிப்புக்கும் கைப்பேசிக்கும் இதே முறைதான். பாதுகாப்புக்காகப் பார்த்தே தீர வேண்டும் என்றால், "பார்க்கப் போகிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். "பார்க்கலாமா?" என்று கேட்டால், "வேண்டாம்" என்னும் விடையையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒருமுறையேனும் அஞ்சாமல் அச்சொல்லைச் சொல்லிப் பழகாத பிள்ளை, வெளியே யாரிடம் சொல்லப் போகிறது?

சிந்திப்போம்.