சின்னப்பாட்டி வீட்டில் பத்து நாள்

என் பெற்றோர் பணி நிமித்தமாக நாகபுரியில் வாழ்கின்றனர். எங்கள் வீட்டில் தமிழ்; வீதியில் மராத்தி; மத்தியப் பள்ளி வகுப்பறையில் இந்தியும் ஆங்கிலமும். தமிழ் எழுத்துகளை நான் விருப்பப் பாடமாகவே கற்றேன். "இதைப் படித்து என்ன பயன்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சென்ற தசரா விடுமுறைவரை அதற்கு நான் விடை சொன்னதில்லை.

அந்த விடுமுறையில் அம்மாவும் நானும் கொச்சிக்குச் சென்றோம். அங்கே மட்டாஞ்சேரியில் என் பாட்டியின் தங்கை வாழ்கிறார். அவரைச் சின்னப்பாட்டி என்று அழைப்போம். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, திருமணமாகி அங்கே குடியேறியவர். எர்ணாகுளத்தில் ரயிலை விட்டு இறங்கி, படகேறிக் காயலைக் கடந்தோம். படகுத்துறையில் மாமா காத்திருந்தார்.

"வெள்ளம் குடிக்கிறாயா, ஐயா?" என்று சின்னப்பாட்டி கேட்டதும் திகைத்தேன். வெள்ளம் என்றால் ஆற்றில் பெருகி வருவது என்றே அறிந்திருந்தேன். அவருக்கோ அது குவளையில் இருப்பது! நெடுங்காலம் பழகிய மலையாளம் அவருடைய தமிழில் இயல்பாகக் கலந்திருந்தது. மாமாவின் மகளும் அவ்வாறே பேசினாள். என்னைவிட ஓராண்டு இளையவள். பள்ளியில் மலையாளம் கற்கிறாள். தமிழ் அவளுக்குப் பேச வரும். எழுதவோ படிக்கவோ வராது.

மறுநாள் வைகறையில், தாம் வேலை செய்யும் சலவைக்கூடத்துக்கு மாமா எங்களை அழைத்துச் சென்றார். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் இருக்கும் அதனைத் தோபிகானா என்பர். 1663ஆம் ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்தில், படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து சலவைத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர் என்று இங்குள்ளோர் வழிவழியாகக் கூறுகின்றனர். இப்போதுள்ள கூடம் 1976இல் கட்டப்பட்டது. வரிசையாகத் தொட்டிகளும் துவைகற்களும் அமைந்திருந்தன. வெளியே பரந்த திடலில் துணிகள் வெயிலில் அசைந்தன. கொடியில் ஒரு கவ்விகூட இல்லை. முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு இடையே துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர். காற்று வீசினாலும் துணி விழுவதில்லை. "நூறு வீட்டுத் துணி கலந்து கிடந்தாலும் எது யாருடையது என்று சொல்லிவிடுவேன்" என்றார் மாமா. அவர் குரலில் பெருமிதம் இருந்தது.

நான்காம் நாள், கொச்சிக்குத் தெற்கே உள்ள கும்பளங்கிக்குச் சென்றோம். தென்னை நிழலில், நீருக்கு நடுவே செல்லும் வரப்புகளில் நெடுந்தொலைவு நடந்தோம். அங்கே பொக்காளி என்னும் நெல் விளைகிறது. உப்பு கலந்த நீரையும் தாங்கி உயரமாக வளரும் பயிர் அது. உழவர்கள் இடுப்பளவு நீரில் நின்று கதிர்களை மட்டும் அறுத்துக்கொண்டிருந்தனர். தாள்களை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று கேட்டேன். "அறுவடைக்குப் பின் இந்த வயலுக்குள் காயல் நீரை விடுவார்கள். செம்மீன் வளரும். அழுகிய தாள் அதற்கு இரை, அதன் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம்" என்று மாமாவின் மகள் விளக்கினாள். செம்மீன் என்று அவள் சொன்னது இறாலை.

ஆறாம் நாள் நகரைச் சுற்றிப் பார்த்தோம். போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த அரண்மனையில், இராமாயணக் காட்சிகள் சுவரோவியங்களாக விளங்குகின்றன. பின்னர் டச்சுக்காரர் அதனைப் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்னும் பெயர் நிலைத்தது. சுக்கும் மிளகும் மணக்கும் தெருக்களின் வழியே, 1568இல் கட்டப்பட்ட யூதர் தொழுகைக் கூடத்தை அடைந்தோம். அதன் தரையில் சீனாவிலிருந்து வந்த, கையால் வரையப்பட்ட நீலவண்ண ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன.

என்னைப் பெரிதும் கவர்ந்தது அங்குள்ள மணிக்கூண்டு. அதன் முகப்புகளில் எபிரேயம், ரோமன், மலையாளம் என வெவ்வேறு எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மட்டாஞ்சேரியில் கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழியினர் அருகருகே வாழ்கின்றனர். அவரவர் தமக்குத் தெரிந்த எழுத்தில் மணி பார்க்கட்டும் என்று அன்று எண்ணினார்கள் போலும்.

அன்று மாலை சின்னப்பாட்டி ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே நீல நிற இன்லாண்டு கடிதங்கள் இருந்தன. எல்லாம் என் பாட்டி தம் தங்கைக்கு எழுதியவை. பாட்டி இப்போது இல்லை. சின்னப்பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அந்நாளில் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் படித்துக் காட்டுவாராம். "அக்காள் எழுத்தைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. நீ படி" என்றார்.

நான் மெல்லப் படித்தேன். வரிகள் யாவும் அவருக்கு மனப்பாடம். நான் தடுமாறிய இடங்களில் அவரே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். 1978இல் எழுதிய கடிதம் வந்தது. "அன்புள்ள தங்கைக்கு, அக்காள் எழுதிக்கொண்டது" என்று தொடங்கி, மழை, விளைச்சல், ஆடு ஈன்ற செய்தி எல்லாம் சொல்லி, "அம்மா படுக்கையில் இருக்கிறாள். உன்னையே கேட்கிறாள். ஒருமுறை வந்து போ" என்று முடிந்தது.

சின்னப்பாட்டி கையை உயர்த்தினார். "இது அதில் இல்லையே. திரும்பப் படி."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையசைத்தார். மீண்டும் படித்தேன்.

நெடுநேரம் சின்னப்பாட்டி பேசவில்லை. "அம்மா போய்விட்டாள் என்ற செய்திதான் எனக்கு வந்தது. என்னைக் கேட்டாள் என்பது இன்றுதான் தெரிகிறது" என்றார். பிறகு, "அப்போது உன் மாமா வயிற்றில், எனக்கு நிறைமாதம். பயணம் ஆகாது என்று அந்தப் பெரியவர் மறைத்திருப்பார். நல்ல மனிதர்தான். ஆனாலும் போவதா இருப்பதா என்று நான் அல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்?" என்றார்.

மறுநாள் காலையில் மாமாவின் மகள் ஒரு புதிய குறிப்பேட்டுடன் என் அருகில் வந்து அமர்ந்தாள். யாரும் அவளை அனுப்பவில்லை. உயிரெழுத்துகளின் ஒலி அவளுக்குப் பழக்கமானதே. வடிவங்கள் மட்டுமே புதியவை. ழகரம் அவள் நாவில் என்னைவிடத் திருத்தமாக ஒலித்தது. ஊர் திரும்பும்வரை நான் எழுத்தைக் கற்பித்தேன். அவள் என் உச்சரிப்பைத் திருத்தினாள்.

சென்ற மாதம் அவளிடமிருந்து தமிழில் ஒரு கடிதம் வந்தது. எழுத்துகள் பெரியனவாகவும் சற்றுச் சாய்ந்தும் இருந்தன. சின்னப்பாட்டி சொல்லச் சொல்ல எழுதியதாம். பாட்டி சொன்னதில் ஒரு வரியையும் விடவில்லை என்று கடைசியில் உறுதி கூறியிருந்தாள்.

சொற்பொருள்
சீமை – நாடு, பகுதி
காயல் – கடலோடு இணைந்த உப்பங்கழி
வைகறை – விடியற்காலம்
நிறைமாதம் – பிள்ளைப்பேறு நெருங்கிய காலம்

சிந்தித்து எழுதுக
1. பொக்காளி வயலில் நெல்லும் இறாலும் ஒன்றுக்கொன்று எவ்வாறு உதவுகின்றன?
2. அண்டை வீட்டுப் பெரியவர் செய்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. உம் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டு, உறவினருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுக.